ஏடு காத்த பெருமாட்டி: பியாட்ரிஸ் வெப் அம்மையார் வரலாறு

உலகில் பெரியோர் என்று போற்றப்படுவோர் பல வகையினர். போர் வென்று புகழ் கொண்டார் சிலர். நாடாண்டு புகழ் கொண்டார் சிலர். பாட்டு இயற்றிப் புகழ் கொண்டார் சிலர். உழைக்கும் மக்கள் எழுதி வைத்த தாள்களைத் தேடிச் சென்று காத்தமையால் புகழ் கொண்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து நாட்டுப் பியாட்ரிஸ் வெப் அம்மையார். அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இரயில்வே எழுத்தராகிய எமக்கும் அவ்வம்மையாருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக் கூடும். மூன்று தொடர்புகள் உண்டு. அம்மையாரின் தந்தையார் இரயில்வே நிறுவனங்களின் தலைவராக இருந்தவர். கணவரோ எம்மைப் போலவே எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவர். மூன்றாவது தொடர்பு பழைய காகிதம். எந்தக் கோப்பு மூன்று ஆண்டு இருக்க வேண்டும், எது பத்து ஆண்டு இருக்க வேண்டும், எது எடைக்குப் போக வேண்டும் என்னும் கணக்கிலேயே எமது பணிக்காலம் கழிகின்றது. அந்தக் கணக்கில் ஓர் உழைப்பாளியின் வாழ்வு எத்தனை ஆண்டு நிற்கும் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. இவ்வம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகே எண்ணத் தொடங்கினோம்.

இளமைப் பருவம்

பியாட்ரிஸ் அம்மையார் 1858-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர்ப் பகுதியில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்டு பாட்டர் மர வாணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேக்கும், பின்னர்க் கனடா நாட்டுக் கிராண்டு டிரங்கு இரயில்வேக்கும் தலைவராக விளங்கியவர். பெண்மக்கள் ஒன்பதின்மர், நம் அம்மையார் எட்டாமவர். உடல்நலம் குன்றியிருந்தமையால் அவருக்குப் பள்ளிப் படிப்பு முறையாக வாய்க்கவில்லை. வீட்டிலிருந்த நூல்களே ஆசான்களாயின. அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் அக்குடும்பத்தின் நண்பர். அவர் இச்சிறுமியின் அறிவு வேட்கையைக் கண்டு ஊக்கினார்.

1873-ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், தந்தையாருடன் அமெரிக்கா சென்றபோது அம்மையார் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அன்று எடுத்த பேனாவை அவர் கீழே வைக்கவே இல்லை. 1943-ஆம் ஆண்டில் உயிர் பிரிவதற்குச் சில நாட்கள் முன்வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம், அந்நாட்குறிப்பு தொடர்ந்தது.

பிறருக்கு ஆணையிட்டே பழகிய வகுப்பில் தாம் பிறந்ததாக அம்மையார் பின்னாளில் வெளிப்படையாக எழுதியுள்ளார். ஆணைக்குக் கீழ்ப்படிந்து வாழும் மக்கள் எங்கே, எவ்வாறு வாழ்கின்றனர் என்று அறியும் வேட்கை அவரை வாட்டியது. அன்னையாரின் வழியில் சில நெசவாளர் குடும்பங்கள் உறவாக இருந்தன. 1883-ஆம் ஆண்டில் லங்காஷயரில் உள்ள பேக்கப் என்னும் ஆலையூருக்கு, வேல்ஸ் நாட்டு உழவர் மகள் என்றும் தம் பெயர் ஜோன்ஸ் என்றும் சொல்லிக்கொண்டு, அவர் சென்று தங்கினார். ஆலைத் தொழிலாளரின் சிறு வீடுகளில் உண்டு உறங்கினார். அவர்கள் தாமே நடத்திய கூட்டுறவுக் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் கண்டார். ஏழைகள் இரங்கத்தக்கவர் என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர், அவர்கள் சங்கம் அமைத்து, கணக்கு எழுதி, தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் திறன் உடையவர் என்பதை முதன்முதலாக அங்கே உணர்ந்தார்.

வாடகை தண்டிய செல்வர் மகள்

1885-ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனில், துறைமுகத்துக்கு அருகே, காதரின் கட்டடம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பெற்றது. அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட பெரிய கட்டடம் அது. அங்கே வாடகை தண்டும் பணியை அம்மையார் மேற்கொண்டார். எல்லா பைக்கராஃப்ட் என்னும் அம்மையார் அவருக்குத் துணையாக இருந்தார். குடியிருந்தோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். கப்பல் வந்தால் வேலை, வாராவிடில் பட்டினி.

வாடகை தண்டுவோர் கையில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். அதில் அறை எண்ணும் பணமும் இருந்தால் போதும். இவ்விரு பெண்மணிகளும் அத்துடன் நில்லாது மற்றொரு பேரேடு திறந்தனர். அறையில் வாழ்பவர் யார், என்ன தொழில், பிள்ளைகள் எத்தனை பேர், முன்பு எங்கு வாழ்ந்தனர், ஏன் வெளியேறினர் என்றெல்லாம் அறை அறையாக எழுதினர். அக்கட்டடத்தில் வாழ்ந்தவரைப் பற்றி வேறு எவரும் ஒரு வரியும் எழுதி வைத்திருக்கமாட்டார். அந்தப் பேரேடு இன்றும் இலண்டன் நூல் நிலையம் ஒன்றில் காக்கப்படுகின்றது. நம் காலனியில் வாழும் நாம் இதன் அருமையை எளிதில் உணரலாம். நம் குவார்ட்டர்ஸ் பதிவேட்டில் எண்ணும் வகையும் இருக்கும். அவ்வீட்டில் யார் வாழ்ந்தார், எவ்வூரிலிருந்து வந்தார் என்பது இராது.

பின்னர், சார்லஸ் பூத் என்னும் வணிகப் பெருமகனார் தம் சொந்தச் செலவில் இலண்டன் மக்களின் வாழ்வையும் உழைப்பையும் ஆராயத் தொடங்கியபோது, அம்மையார் அப்பணியில் சேர்ந்தார். துறைமுகக் கூலிகளைப் பற்றியும் தையல் தொழிலாளரைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். 1888-ஆம் ஆண்டில் வேலை தேடும் ஏழைப் பெண்ணைப் போல் உடுத்திச் சென்று, கால்சட்டை தைக்கும் கூடங்களில் அமர்ந்து ஊசி பிடித்தார். தையல் அவருக்குச் சரியாக வரவில்லை. ஆனால் அக்கூடங்களில் கண்டதும் கேட்டதும் அன்றிரவே ஏட்டில் ஏறின.

இக்காலத்தில் அவருக்கு வீட்டில் பெருந்துன்பம் இருந்தது. அன்னையார் 1882-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். தந்தையார் 1885-ஆம் ஆண்டில் பக்கவாதத்தால் வீழ்ந்து ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். திருமணமாகாத மகளாகிய அம்மையாரே அருகிருந்து பேணினார். புகழ்பெற்ற அரசியல் தலைவர் ஒருவர்பால் உள்ளம் சென்றிருந்தும், தம் கருத்தை அவர் கருத்துக்கு அடிமையாக்க மனம் ஒப்பாமையால் அவ்வுறவும் கைகூடவில்லை. இத்தனைக்கும் இடையே, உடன்பிறந்தார் வந்து தந்தையாரைப் பார்த்துக்கொள்ளும் சில திங்கள்களே அவருக்குக் கிடைத்த ஓய்வு. அந்த ஓய்வில்தான் அவர் தம் ஆராய்ச்சிகளைச் செய்தார்.

எழுத்தர் ஒருவர் வந்தார்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை எழுத அம்மையார் முனைந்தபோது, பழைய செய்திகளுக்குச் சான்றுகள் கிடைக்காமல் திகைத்தார். அதனை அறிந்தவர் சிட்னி வெப் என்பவர் ஒருவர் உண்டு என்று தோழியொருத்தி கூற, 1890-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் சந்தித்தனர்.

சிட்னி வெப் எளிய குடும்பத்தில் 1859-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் கணக்கர், அன்னையார் இலண்டனில் தலைமுடி திருத்தும் கடை நடத்தினார். பதினாறு வயதில் ஓர் அலுவலகத்தில் எழுத்தரானார். இரவு வகுப்பில் பயின்று, தேர்வு எழுதி, குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் உயர்தர எழுத்தர் பதவியைப் பெற்றார். குள்ள உருவம், அழகில்லாத் தோற்றம், செல்வம் இல்லை. ஆயினும், அம்மையார் ஐயத்தைச் சொல்லி முடித்தவுடன், எந்தெந்த நூல்களையும் ஏடுகளையும் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தெளிவான கையெழுத்தில் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அப்பட்டியலில் அம்மையார் கேள்விப்படாத ஏடுகளும் இருந்தன. எழுத்தர் குலத்தில் பிறந்த நாம் இதனைப் படித்தபோது பெருமிதம் அடைந்தோம்.

தந்தையார் 1892-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் திருமணம் எளிய முறையில் நிகழ்ந்தது. மணமக்கள் இன்பச் சுற்றுலாவாக அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றனர். அங்கே அவர்கள் நாடியவை மலையும் கடலும் அல்ல. தொழிற்சங்க அலுவலகங்களின் பழைய ஏடுகள். அங்கிருந்து கிளாஸ்கோ நகரில் கூடிய தொழிற்சங்க மாநாட்டுக்குச் சென்றனர். அம்மையாருக்குத் தந்தையார் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் பவுன் வருவாய் வந்தது. அதனைக் கொண்டு சிக்கனமாக வாழ்ந்து, வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சிக்கே செலவிடுவது என்று இருவரும் முடிவு செய்தனர். கணவர் முன்பே அரசாங்கப் பணியைத் துறந்திருந்தார்.

பெட்டிகளைத் தேடி

இங்கிலாந்தில் தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கேட்பது 1799, 1800-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குற்றமாக்கப்பட்டிருந்தது. 1824-ஆம் ஆண்டில்தான் அச்சட்டங்கள் நீங்கின. அச்சம் நிறைந்த அக்காலத்தில் சங்க ஏடுகளைப் பெட்டியில் இட்டு மண்ணில் புதைத்தனர் என்று முதியோர் கதை சொல்வதுண்டு. கதை எவ்வாறாயினும், பிற்காலத்து ஏடுகளும் பாதுகாப்பாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. கிளைச் சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. உணவு விடுதிகளின் மாடியிலும் மதுக்கடைகளின் பின்னறையிலும் கூடின. சங்கத்தின் பணமும் ஏடுகளும் ஒரே பெட்டியில் இருந்தன. ஒருவரே திறக்கலாகாது என்பதற்காக அப்பெட்டிக்கு இரண்டு மூன்று பூட்டுகள் இட்டு, திறவுகோல்களை வெவ்வேறு அலுவலர் வைத்திருந்தனர்.

அத்தகைய பெட்டிகளைத் தேடி இத்தம்பதியர் நாடெங்கும் சென்றனர். செதுக்கு வேலைத் தொழிலாளியாக இருந்த கால்ட்டன் என்பவர் செயலாளராக உடன் உழைத்தார். நாம் மினிட் புத்தகம் என்று வழங்கும் நடவடிக்கைக் குறிப்பேடுகள், சந்தாக் கணக்குகள், சங்க விதிகள், வேலைநிறுத்த அறிவிப்புகள் ஆகிய அனைத்தையும் படித்தனர். நாள் முழுதும் அமர்ந்து கையால் படியெடுத்தனர். அச்சிட்டவற்றைக் கேட்டுப் பெற்றனர். முதிய தொழிலாளரைக் கண்டு அவர்தம் நினைவில் நின்றவற்றையும் எழுதிக்கொண்டனர்.

அவ்வேடுகளில் என்ன இருக்கும் என்று கேட்கலாம். ஒரு சான்று கூறுவோம். அந்நாளில் வேலை இழந்த தொழிலாளி, சங்கச் சீட்டைக் கையில் கொண்டு ஊர் ஊராக நடந்து வேலை தேடுவான். எந்த ஊரிலும் தன் தொழிற்சங்கக் கிளைக்குச் சென்று சீட்டைக் காட்டினால், அன்றிரவு உணவும் படுக்கையும் வழிச்செலவும் கிடைக்கும். வேலை இருந்தால் தங்குவான். இல்லையேல் மறுநாள் அடுத்த ஊர். இதற்கெல்லாம் கணக்கு எழுதப்பட்டது. யார் வந்தான், எங்கிருந்து வந்தான், எங்கே போனான் என்பவை அச்சிறு கணக்குகளில் உள்ளன. முன்பின் அறியாதவனுக்குச் சோறிட்ட அறம் வேறெந்த வரலாற்று நூலிலும் ஏறாமல், அந்த ஏடுகளில் மட்டுமே நின்றது. புதிதாக வேலைக்கு வந்த தமிழ் இளைஞனுக்கு முதல் மாதச் சம்பளம் வரும்வரை கட்டிலும் சாப்பாடும் தந்த நம் காலனிப் பெரியோர்களை இதனால் நினைவு கூர்கின்றோம். அவர்களைப் பற்றிக் கணக்கு எழுதியவர் யார்?

ஒரு தாளில் ஒரு செய்தி

அம்மையார் கையாண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தாள். ஒரு தாளில் ஒரு செய்தி மட்டுமே எழுத வேண்டும். அத்தாளிலேயே நாள், இடம், எந்த ஏட்டிலிருந்து அல்லது எவர் வாயிலிருந்து கிடைத்தது என்பவற்றைக் குறிக்க வேண்டும். பின்னர் அத்தாள்களைச் சீட்டுக் கட்டைப் போலக் கலைத்து, காலத்தால் ஒருமுறை, இடத்தால் ஒருமுறை, தொழிலால் ஒருமுறை என மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்க வேண்டும். ஓர் ஒழுங்கில் தோன்றாத உண்மை மற்றோர் ஒழுங்கில் தோன்றும். பொழுதுபோக்குப் போலத் தோன்றும் இவ்விளையாட்டிலிருந்தே பெருநூல்கள் பிறந்தன. 1926-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலின் இறுதியில் இம்முறையை அம்மையார் விளக்கியிருக்கின்றார்.

தொழிற்சங்க வரலாறு என்னும் நூல் 1894-ஆம் ஆண்டிலும், தொழிற்சங்கங்களின் ஆட்சிமுறையை ஆராயும் பெருநூல் 1897-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பின்னதனைச் சைபீரியாவில் நாடு கடத்தப்பட்டிருந்த லெனின் ருஷ்ய மொழியில் பெயர்த்தார். தொழிலாளர் பிரதிநிதியும் முதலாளியும் அமர்ந்து பேசி முடிவு காண்பதற்கு இன்று வழங்கும் கூட்டுப் பேரம் என்னும் ஆங்கிலத் தொடரும் அம்மையாரின் 1891-ஆம் ஆண்டு நூலால் வழக்குக்கு வந்ததே.

நூல் நிலையம்

நூல் எழுதி முடித்ததும் குறிப்புகளைக் குப்பையில் இடுவோர் பலர். இவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஹட்சின்சன் என்னும் அன்பர் 1894-ஆம் ஆண்டில் இறக்கும்போது விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு, 1895-ஆம் ஆண்டில் இலண்டன் பொருளாதாரக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதற்கு வித்திட்டவர்களுள் இத்தம்பதியர் தலையாயவர். அடுத்த ஆண்டே அதனுடன் ஒரு நூல் நிலையம் எழுந்தது. தாங்கள் திரட்டிய தொழிற்சங்க ஏடுகளையும் படிகளையும் அந்நூல் நிலையத்துக்கே வழங்கினர். சார்லஸ் பூத்தின் ஆராய்ச்சிக் குறிப்பேடுகளும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தன. அம்மையாரின் நாட்குறிப்பும் அங்கேயே உள்ளது. இன்று உலகில் எங்கிருந்தும் அதனைக் கணினி வழியே காணலாம். ஒரு சங்கத்தின் மூல ஏடு நெருப்பிலோ நீரிலோ அழிந்தாலும், அம்மையார் எடுத்த படி அங்கு நின்று பேசும்.

அக்கல்லூரி நம் நாட்டுக்கும் பயன்பட்டது. டாக்டர் அம்பேத்கர் அங்கே பயின்று 1923-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் 1942 முதல் 1946 வரை இந்திய அரசாங்கத்தில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணனும் அங்கே பயின்றவரே. வெப் தம்பதியரும் 1912-ஆம் ஆண்டின் முற்பகுதியில் நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்து நாட்குறிப்பு எழுதினர். அது பிற்காலத்தில் நூலாகவும் வெளிவந்தது.

1905 முதல் 1909 வரை ஏழைகள் உதவிச் சட்டத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவில் அம்மையார் உறுப்பினராக இருந்தார். வறுமை ஏழையின் குற்றமன்று, அதனை வருமுன் தடுப்பது அரசின் கடமை என்று வற்புறுத்திய சிறுபான்மை அறிக்கை அவர் கைவண்ணமே. அன்று ஏற்கப்படாத அக்கருத்து, ஒரு தலைமுறைக்குப் பின் இங்கிலாந்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் உயிர் பெற்றது.

ஒரு பிழை

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் பிழையை மறைத்தல் தகாது. ஏடுகளை ஐயுற்றுப் படிக்கக் கற்பித்த அம்மையார், முதுமையில் ஏடுகளாலேயே ஏமாந்தார். 1932-ஆம் ஆண்டில் தம்பதியர் சோவியத் ருஷ்யாவுக்குச் சென்றனர். அரசாங்கம் காட்டிய இடங்களைக் கண்டு, அரசாங்கம் அளித்த அறிக்கைகளை நம்பி, 1935-ஆம் ஆண்டில் இரு தொகுதிகளில் ஒரு பெருநூலை வெளியிட்டனர். இது ஒரு புதிய நாகரிகமா என்று தலைப்பில் இட்டிருந்த வினாக்குறியையும் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கினர். அக்காலத்துப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்ட உண்மையை அந்நூல் உள்ளவாறு ஏற்கவில்லை.

பேக்கப் ஊரில் நெசவாளர் அடுப்பங்கரையில் அமர்ந்து கேட்டவர், ருஷ்ய உழவனின் அடுப்பங்கரைக்குச் செல்லவில்லை. மேலிடத்துத் தாள் மட்டும் எஞ்சி, கீழிருப்போர் எழுதிய தாள் இல்லாமற் போனால் எத்துணைப் பெரிய அறிஞரும் தடுமாறுவர். அம்மையாரின் வெற்றி கற்பிக்கும் பாடத்தையே அவருடைய பிழையும் கற்பிக்கின்றது.

இறுதி நாட்கள்

1929-ஆம் ஆண்டில் கணவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அதனால் தமக்கு உரியதாகிய சீமாட்டிப் பட்டத்தை அம்மையார் ஏற்க மறுத்து, வெப் என்னும் பெயரோடே வாழ்ந்தார். 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஹாம்ப்ஷயரில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். கணவர் 1947-ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். அரசர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர்த் திருக்கோயிலில் இருவருடைய சாம்பலும் அவ்வாண்டிலேயே ஒருங்கே வைக்கப்பெற்றன. அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. திரட்டிய ஏடுகளே அவர்தம் மரபாய் நிலவுகின்றன.

நமது கடமை

நம் நாட்டிலும் இத்தகைய பணி நடைபெறாமல் இல்லை. நொய்டாவில் வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் 1998-ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழிலாளர் ஆவணங்கள் திரட்டப்படுகின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராய்த் திரட்டிய தமிழ் நூல்களும் துண்டு அறிவிப்புகளும் அவர் 1992-ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், 1994-ஆம் ஆண்டில் சென்னையில் ஆராய்ச்சி நூல் நிலையமாக மலர்ந்தன.

நம் சங்கத்தின் நிலையையும் கூறிவிடுகின்றோம். இம்மலரின் பொருட்டுச் சங்கத்தின் பழைய மர அலமாரியைத் திறந்தோம். முதல் நடவடிக்கைக் குறிப்பேட்டின் அட்டை இருந்தது. உள்ளே கறையான் மண் இருந்தது. முதல் பொங்கல் விழா எவ்வாண்டு நடந்தது என்று கேட்டதற்கு மூன்று பெரியவர்கள் மூன்று ஆண்டுகள் கூறினர். மூவரும் உறுதியாகவே கூறினர். அலமாரித் திறவுகோல் பல ஆண்டுகளாக எம்மிடமே இருந்தது. ஆதலின் இக்குறையில் பெரும்பங்கு எம்முடையதே.

எனவே அன்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். தங்கள் டிரங்குப் பெட்டியில் பழைய நாடக நோட்டீசு, குழுப் புகைப்படம், சங்க ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம் ஏதேனும் இருப்பின் எடைக்குப் போடாதீர்கள், சங்கத்துக்குக் கொணருங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். புகைப்படத்தின் பின்புறம் நிற்போர் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். இக்காலனிக்கு முதன்முதலில் வந்த தாய்மார்களிடம் அமர்ந்து, எந்த வண்டியில் வந்து இறங்கினார்கள், முதல் இரவு யார் வீட்டில் சோறு உண்டார்கள் என்று கேளுங்கள். ஒரு தாளில் ஒரு செய்தி. அதன்கீழ் நாளும் இடமும் சொன்னவர் பெயரும். அவ்வளவே வேண்டுவது. தாள்களை வாங்கி அடுக்கி வைக்கச் சங்கத்தில் இப்போது இரும்பு அலமாரி ஒன்று இருக்கின்றது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் அதன் அருகில் நாம் அமர்ந்திருப்போம்.